கோடையில் கிணறு வற்றும், படிப்பும் வற்றலாமா?

அய்யலூர்ப் பக்கத்து வீட்டில் தினமும் ஒரு மணி நேரம்

மணி இரண்டு. சித்திரை மாதத்து வெயில். தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. நாய்கூடத் திண்ணைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

வீட்டுக்குப் பின்புறம் வேப்பமர நிழல். அங்கே ஒரு சாக்கு விரித்திருக்கிறது. சாக்கின்மேல் புளியம்பழம் குவிந்து கிடக்கிறது. அம்மா ஓட்டை உடைக்கிறாள். அப்பத்தா கொட்டையை எடுக்கிறாள். அப்பா கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அக்காவின் கையில் ஒரு புத்தகம். அவள் வாய்விட்டுப் படிக்கிறாள். தம்பி தன் முறை எப்போது வரும் என்று அருகில் உட்கார்ந்திருக்கிறான்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. கேளுங்கள்.

எந்த ஊர்? எந்த வீடு?

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் பெரிய சாலையில், வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர் வரும். பேரூராட்சி. ரயில் நிலையமும் உண்டு. சுற்றிலும் மலையும் கரடும். வண்டி ஓட்டுகிறவர்கள் நிறுத்திக் கும்பிட்டுப் போகும் வண்டிக் கருப்பணசாமி கோயில் இங்கேதான் இருக்கிறது. வியாழக்கிழமை பொழுது விடியும்போதே ஆட்டுச் சந்தை கூடிவிடும். தீபாவளி, பொங்கல், பக்ரீத் நெருங்கினால் சந்தையில் கால் வைக்க இடம் இருக்காது. அய்யலூர்த் தக்காளி மார்க்கெட்டும் பெயர் பெற்றது.

நாம் சொல்லும் வீடு இந்தப் பக்கத்து வீடு. பெயர் சொல்லவில்லை. காரணம், இது ஒரே வீடு அல்ல. இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றின் கதையை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய வீடு. படிக்கும்போது, "இது எங்கள் வீடு மாதிரி இருக்கிறதே!" என்று உங்களுக்கே தோன்றலாம். தோன்றினால் நல்லது.

வீட்டில் ஐந்து பேர். அப்பாவுக்கு அரை ஏக்கரில் தக்காளி. கிணற்றில் தண்ணீர் இருக்கும் வரைக்கும்தான் அந்த வெள்ளாமை. அதோடு ஏழெட்டு வெள்ளாடு. அம்மா தோட்ட வேலையும் பார்ப்பாள், கோடையில் புளியும் உடைப்பாள். அப்பத்தாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அக்கா ஒன்பதாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். தம்பி ஆறாம் வகுப்பு.

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் வீடு விழித்துவிடும். வெயில் ஏறும் முன் தக்காளி பறிக்க வேண்டும். பழம் வேறு, செங்காய் வேறு என்று பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு சேர்ந்து ஒரு சின்ன வண்டியில் ஏற்றி மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். பிறகு ஆட்டை அவிழ்த்துவிட வேண்டும். பத்து மணிக்குக் கம்மங்கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். ஒரு மணிக்குமேல் வெளியே தலை காட்ட முடியாது.

அந்த ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைதான் வீட்டுக்கு ஓய்வு. முன்பு அந்த நேரத்தில் ஆளுக்கு ஒரு மூலையில் தூங்குவார்கள். தம்பி மட்டும் அப்பாவின் செல்போனை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

பையன் சொன்ன ஒரு வார்த்தை

இரண்டு ஆண்டுக்கு முந்திய ஜூன் மாதம். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. தம்பி நாலாம் வகுப்பு. டீச்சர் ஒரு பாடத்தை எடுத்து, எழுந்து நின்று படிக்கச் சொன்னார். மார்ச் மாதத்தில் தட்டுத் தடுமாறியாவது படித்த பையன்தான். இப்போது எழுத்து எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தான். மூன்றாவது வரியில் நின்றுவிட்டான். பக்கத்துப் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அம்மா தலையைத் தடவிக் கேட்டாள். பையன் சொன்னான்:

"எனக்குப் படிப்பு வராதும்மா. நான் ஆடு மேய்க்கவே போறேன்."

ஆடு மேய்ப்பது கேவலமான தொழில் அல்ல. அந்த வீட்டுக்குச் சோறு போடுவதில் பாதி அந்த ஆடுகள்தான். ஆனாலும் அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால், எட்டாம் வகுப்பில் அவரும் தம் தகப்பனாரிடம் இதே வார்த்தையைத்தான் சொன்னார். "சரி, வாடா" என்று அவர் கையில் கம்பைக் கொடுத்துவிட்டார்கள். அத்தோடு படிப்பு முடிந்தது.

"எம் மவன் ஆடு மேய்க்கட்டும். ஆனா படிப்பு வராதுன்னு சொல்லிட்டு மேய்க்க வேணாம்" என்றார் அப்பா.

விடுமுறையில் என்ன நடக்கிறது?

இரண்டு மாதம் தண்ணீர் விடாத செடி என்ன ஆகும்? வாடும். புதிதாகக் கற்ற எழுத்தும் அப்படித்தான். நன்றாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு இரண்டு மாதத்தில் ஒன்றும் ஆகாது. இப்போதுதான் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்குத்தான் ஆபத்து.

அமெரிக்காவில் பால்டிமோர் என்று ஒரு நகரம். அங்கே 1982-ம் ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி முன்னேறினார்கள். கோடை விடுமுறையில்தான் வித்தியாசம் வந்தது. வசதியான வீட்டில் புத்தகம் இருந்தது. படித்துக் காட்ட ஆள் இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சிலர், அந்த வித்தியாசம் அவ்வளவு பெரியது அல்ல என்று சொன்னதும் உண்டு. ஆனால், விடுமுறையில் கையில் புத்தகம் இருக்கிற பிள்ளைக்கு லாபம் உண்டு என்பதைச் சொல்ல ஆராய்ச்சிகூட வேண்டாம். ஜூன் மாதத்தில் எந்த வாத்தியாரைக் கேட்டாலும் சொல்வார்.

அடுத்த கோடையில் நடந்த ஏற்பாடு

அடுத்த ஏப்ரல் வந்தது. பள்ளிக்கூடம் மூடும் முன்பே அக்கா ஒரு யோசனை சொன்னாள்.

"தினமும் ரெண்டு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் எல்லாரும் படிக்கணும். தம்பி மட்டும் படிச்சா அவனுக்குத் தண்டனை மாதிரி இருக்கும். அப்பா, அம்மா, அப்பத்தா எல்லாரும் படிக்கணும்."

சட்டம் மூன்றே மூன்று. ஒன்று, வாய்விட்டுப் படிக்க வேண்டும். இரண்டு, தப்பாகப் படித்தால் யாரும் சிரிக்கக் கூடாது. மூன்று, அந்த ஒரு மணி நேரமும் செல்போன் அரிசிப் பானைமேல்தான் இருக்க வேண்டும். மணி அடித்தால் அப்பா மட்டும் எழுந்து போய்ப் பேசலாம். தக்காளி விலை கேட்டு யாராவது கூப்பிடுவார்கள் அல்லவா?

முதல் நாள் அக்கா படித்தாள். தம்பி நாலு வரி படித்தான். அப்பா ஒரு பக்கம் படித்தார். அம்மாவின் முறை வந்தது.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீங்களே படிங்க" என்றாள் அம்மா.

மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் அக்கா கவனித்தாள். புளியில் ஒட்டியிருந்த சின்ன நார்கூட அம்மாவின் கண்ணுக்குத் தெரிகிறது. எழுத்து மட்டும் தெரியவில்லையாம்! அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவாள். பஸ் போர்டு படிப்பாள். ஒரு பக்கம் முழுதும் படித்து இருபது வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. பிள்ளைகள் முன்னால் தடுமாற வெட்கம்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். வரிக்கு அடியில் விரலை வைத்தாள். இருவரும் சேர்ந்து மெல்லப் படித்தார்கள். நாலு வரி ஆனதும் அக்கா தன் குரலைக் குறைத்தாள். அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. அம்மா நின்று நின்றுதான் படித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. தம்பிதான் முதலில் பேசினான்:

"நீயும் என்னை மாதிரியே கூட்டிக் கூட்டித்தான் படிக்கிறியாம்மா?"

அன்றிலிருந்து பையனுக்குப் பயம் போயிற்று. அவனுக்குத் துணை கிடைத்துவிட்டது அல்லவா!

எழுபது வயது மாணவி

அப்பத்தாவின் கதை வேறு. அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. 1990-களில் தமிழ்நாடு எங்கும் அறிவொளி இயக்கம் நடந்தது. ராத்திரி நேரத்தில், தெருவிளக்கின் வெளிச்சத்தில் தொண்டர்கள் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அந்தக் காலத்தில் அப்பத்தாவும் ஒரு சிலேட்டைப் பிடித்தாள். கைநாட்டுப் போய்க் கையெழுத்து வந்தது. வகுப்பு நின்றது; எழுத்தும் பாதி மறந்தது.

அப்பத்தாவைப் போல் எத்தனையோ பேர். 1951-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர். பெண்களை மட்டும் பார்த்தால் 73 பேர். பெரிய வளர்ச்சிதான். ஆனால் கற்றதைக் கைவிட்டால் மறுபடியும் பூஜ்யம்தான் என்பதற்கு அப்பத்தாவே சாட்சி.

இப்போது அவள் தினமும் தலைப்பை மட்டும் படிக்கிறாள். பெரிய எழுத்து. இரண்டு மூன்று வார்த்தை. "இது போதும் தாயி எனக்கு. மிச்சத்தை நீ படி, நான் கேக்குறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிடுவாள்.

என்ன படிக்கிறார்கள்?

கனமான புத்தகம் ஒன்றும் இல்லை. பையன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். பள்ளிக் கல்வித் துறை 2023-ல் வாசிப்பு இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கியது. அதற்காகச் சிறு புத்தகங்கள் வந்தன. அவற்றுக்கு நாலு படிகள் வைத்தார்கள். நுழை, நட, ஓடு, பற என்று பெயர். கூட்டிப் படிக்கிற பிள்ளை "நுழை" என்ற படியில் தொடங்கலாம். பிறகு நடக்கலாம், ஓடலாம், பறக்கலாம். நல்ல பெயர்கள் அல்லவா?

நூலகத்தில் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் புத்தகங்கள் கிடைத்தன. வள்ளியப்பா 1922-ல் புதுக்கோட்டைச் சீமையில் ராயவரத்தில் பிறந்தவர். பாங்கில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக எழுதினார். அவர் பாட்டை அப்பத்தா இரண்டு தடவை கேட்டாலே மனப்பாடமாகச் சொல்கிறாள்!

அப்பாவுக்கு அம்புலிமாமாவின் நினைவு. 1947-ல் தொடங்கிய பத்திரிகை. வேதாளத்தைத் தோளில் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தை மறக்க முடியுமா? அந்தப் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல் காலமானார். பத்திரிகையும் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. "எங்க காலத்துல ஒரு புஸ்தகத்தைப் பத்து பேர் மாத்தி மாத்திப் படிப்போம்" என்று அப்பா சொன்னார். "அப்போ ஏன் நிறுத்தினீங்க?" என்று தம்பி கேட்டான். அப்பாவிடம் பதில் இல்லை.

தேவாங்கு வந்த நாள்

ஒரு நாள் புத்தகத்தில் தேவாங்கைப் பற்றி ஒரு பாடம் வந்தது. அப்பத்தா புளியைக் கீழே போட்டுவிட்டாள்.

"அது ராத்திரியில அலையுமே! அதைப் பாத்தாலே ஆகாதுன்னு சொல்லுவாங்க."

தம்பி தொடர்ந்து படித்தான். தேவாங்கு சின்னஞ்சிறிய பிராணி. நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். எடை கால் கிலோ அளவுதான். வால் கிடையாது. கண் மட்டும் பெரிய உருண்டை. இருட்டில் இரை தேட அந்தக் கண் வேண்டும். அது பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். பயிரைத் தின்னும் பூச்சியும் அதில் அடக்கம். ஆகவே அது விவசாயிக்குச் சிநேகிதன். மந்திரம், மாயம் என்று சொல்லி மனிதர்கள்தான் அதைப் பிடித்துக் கொன்றார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2022-ம் ஆண்டு அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர்த் தேவாங்குச் சரணாலயம் என்று அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இதுதான். அய்யலூர்ப் பக்கத்துக் காடுகள் தேவாங்குக்குப் பெயர் போனவை.

"நம்ம மலைக்காடா? இத்தனை வருஷம் இங்கேயே இருந்து எனக்குத் தெரியலையே!" என்றாள் அப்பத்தா. அதற்குப் பிறகு தேவாங்கைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் அவளே சண்டைக்குப் போகிறாள்.

படிப்பு பணம் கொடுக்குமா?

"இதெல்லாம் சரி. வயிறு நிறையுமா?" என்று சிலர் கேட்பார்கள். அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறோம்.

அன்று மார்க்கெட்டுக்கு 12 பெட்டி தக்காளி போயிற்று. பெட்டி 200 ரூபாய். சாயங்காலம் சிட்டை வந்தது. முன்பெல்லாம் சிட்டை நேரே அப்பாவின் சட்டைப் பைக்குப் போய்விடும். அன்று அம்மா வாங்கிப் படித்தாள். 10 பெட்டி என்று எழுதியிருந்தது. அதற்கு 2,000 ரூபாய். 12 பெட்டிக்கு 2,400 ரூபாய் வர வேண்டுமே! மறுநாள் அப்பா போய்க் கேட்டார். அவசரத்தில் இரண்டு பெட்டி விட்டுப்போயிற்று என்று சொல்லிக் கடைக்காரர் உடனே கணக்கைத் திருத்திக் கொடுத்தார். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் படிக்காமல் இருந்தால் 400 ரூபாய் போயிருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் பூச்சி மருந்து. மருந்துப் புட்டியின் லேபிளில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. பிறகு நீலம். கடைசியில் பச்சை. பச்சையும் விஷம்தான்; வேகம் குறைவு. எத்தனை மில்லி, எத்தனை லிட்டர் தண்ணீரில், தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று புட்டியோடு வரும் தாளில் அச்சடித்திருக்கும். ஒரு நாள் வாசிப்பு நேரத்தில் அக்கா கதைப் புத்தகத்துக்குப் பதில் அந்தத் தாளைக் கொண்டுவந்து அப்பாவைப் படிக்கச் சொன்னாள். அப்பா படித்தார். பிறகு புட்டியை எடுத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டினார்.

புத்தகத்துக்குக் காசு?

காசு நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள்!

ஆமாம். வீட்டு வரி கட்டுகிறீர்கள் அல்லவா? அதோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பணத்தில்தான் நூலகங்கள் நடக்கின்றன. இதற்கு வழி செய்தது 1948-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுவே.

அந்தச் சட்டத்துக்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, உபயோகப்படுத்துவதற்கே என்று சொன்னவர். எந்த வாசகருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதும் அவர் கொள்கை. அதை வைத்து அவர் 1931-ல் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது.

அதே 1931-ல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் என்ற ஊரிலிருந்து ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டி நிறையப் புத்தகம். ஊர் ஊராகப் போய்ப் படிக்கக் கொடுத்தார்கள். கனகசபைப் பிள்ளை என்பவர் செய்த ஏற்பாடு அது. அன்று வண்டி கட்டிக்கொண்டு வாசலுக்கே புத்தகம் வந்தது. இன்று கிளை நூலகத்துக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கும் நாம் நாலு தெரு நடந்தால் போதும். நடக்கிறோமா?

நம் வீட்டு அக்கா நடந்தாள். உறுப்பினர் ஆவதற்கு ஒரு சிறு தொகைதான் ஆயிற்று. வாரம் ஒருமுறை அவளும் தம்பியும் காலை வெயிலுக்கு முன் போய்ப் புத்தகம் மாற்றி வருகிறார்கள்.

நீங்களும் செய்யலாம்

நேரம் ஒன்றைக் குறியுங்கள். அரை மணி ஆனாலும் சரி, தினமும் அதே நேரம்.

பெரியவர்களும் கூட உட்காருங்கள். "நீ படி" என்று சொல்லிவிட்டு நீங்கள் செல்போன் பார்த்தால் பிள்ளை படிக்காது.

புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து வார்த்தைக்குமேல் தடுக்கினால் அதைவிடச் சுலபமானதைக் கொடுங்கள்.

தடுக்கும்போது அதட்டாதீர்கள். விரலை வைத்துக் காட்டுங்கள்.

கதைதான் வேண்டும் என்பதில்லை. மருந்துத் தாள், பஸ் நேரம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் படிப்புதான்.

பையன் என்ன ஆனான்?

போன ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தாம் வகுப்பு. டீச்சர் படிக்கச் சொன்னார். தம்பி எழுந்தான். இரண்டு இடத்தில் தடுக்கினான். நிற்கவில்லை. பாடத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

அவன் வகுப்பில் முதல் மாணவன் ஆகிவிடவில்லை. கணக்கில் இன்னும் தகராறுதான். ஆனால் "படிப்பு வராது" என்ற வார்த்தை அதற்குப் பிறகு அவன் வாயில் வரவில்லை. இந்த விடுமுறையில் காலையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு கரட்டுப் பக்கம் போகிறான். தூக்குச் சட்டியோடு ஒரு புத்தகமும் போகிறது. போன வாரம் ஆடு ஒன்று அந்தப் புத்தகத்தின் அட்டையைக் கடித்துவிட்டது. நூலகரிடம் என்ன பதில் சொல்வது என்று வீடே கலங்கிவிட்டது!

தம்பி தானே போய் உண்மையைச் சொன்னான். அட்டையை ஒட்டிக் கொடுத்தான். வேறு புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தான்.

இதோ மணி மூன்று ஆகப் போகிறது. புளிக் குவியல் பாதி குறைந்துவிட்டது. அப்பத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டுகிறாள்.

"கொண்டா தம்பி. இன்னிக்குத் தலைப்புக்குக் கீழே ரெண்டு வரி நானே படிச்சுப் பாக்குறேன்."

இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டிலும் எல்லாரும் இருப்பார்கள். இந்தப் பக்கத்தை இப்போது படித்து முடித்துவிட்டீர்கள். பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்களேன்!